பாண்டியர் பரிப்பந்தியும் அயல்நாட்டார் சான்றும்

தமிழர் குதிரை பேணத் தெரியாதவர் என்னும் கூற்றுத் தென்னாட்டு வரலாற்று நூல்களில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. பிற்காலப் பாண்டியரின் கடல் வாணிகத்தைப் பற்றி எழுதுவோர், ஆண்டுதோறும் பல்லாயிரம் குதிரைகள் பாரசீக வளைகுடாவிலிருந்து காயல் முதலிய துறைகளில் வந்திறங்கின என்பர். அவற்றுட் பெரும்பாலான ஓராண்டு நிரம்பு முன்னரே மாண்டன என்பர். மாண்டமைக்குக் காரணம் பேணும் அறிவின்மையே என்று முடிப்பர். முதல் இரண்டும் செய்தி, மூன்றாவது தீர்ப்பு. செய்திக்கும் தீர்ப்புக்கும் இடையே உள்ள தொலைவை அளந்து காண்பதே ஈண்டு யாம் மேற்கொண்ட பணி.

இக்கூற்றுக்கு மூலமாக விளங்குவோர் இருவர். ஒருவர் வெனிசு நகரத்து வணிகர் மார்க்கோ போலோ. மாறவர்மன் குலசேகரன் ஆட்சியில், கி. பி. 1292-ஐ ஒட்டி இவர் தமிழகக் கரையை அடைந்தார். இவர் மாபார் எனக் குறிக்கும் நாடு பாண்டிநாடும் அதனை அடுத்த சோழமண்டலக் கரையுமாம். அந்நாட்டிற் குதிரை பிறப்பதில்லை; அரசன் தன் செல்வத்திற் பெரும்பகுதியைக் குதிரை கொள்வதிலேயே செலவிடுகின்றான்; ஓர்முசு, கீசு, தோபார், சிகர், ஏடன் ஆகிய இடத்து வணிகர் குதிரைகளைத் திரட்டிக் கொணர்கின்றனர்; ஒரு குதிரையின் விலை 500 சாச்சிப் பொன், அஃதாவது 100 மார்க்கு வெள்ளிக்கு மேற்படும்; அரசன் ஆண்டொன்றுக்கு 2000 குதிரைகளுக்கு மேல் வாங்குகின்றான்; அவன் உடன்பிறந்தார் நால்வரும் அவ்வாறே வாங்குகின்றனர்; ஆண்டு முடிவில் 100 குதிரைகள் கூட எஞ்சுவதில்லை. இது போலோ தரும் செய்தி. பேணத் தெரியாமையையும் குதிரை மருத்துவர் இன்மையையும் அவர் காரணமாகக் காட்டுகின்றார். சோற்றோடு இறைச்சியை வேகவைத்துக் குதிரைக்கு இடுகின்றனர் என வியக்கின்றார். உயர்ந்த பொலிக்குதிரையை உயர்ந்த பெட்டையோடு சேர்த்தாலும், அங்குப் பிறக்கும் குட்டி கால் கோணிய சிறு குட்டியாய் ஊர்தற்கு உதவாது போகின்றது என்றும் கூறுகின்றார்.

மற்றொருவர் பாரசீக வரலாற்றாசிரியர் வாசாபு. 14-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதியவர். மாபார் நாட்டைக் கண்ணாற் கண்டவர் அல்லர். ஆயினும் கீசுத் தீவின் தலைவரான சமாலுத்தீனின் வாணிக உடன்படிக்கையை அவர் விரிவாக அறிந்திருந்தார். அதன்படி சமாலுத்தீன் ஆண்டுதோறும் தம்முடைய இனக்குதிரைகள் 1400 அனுப்பவேண்டும். காதிபு, இலகுசா, பகுரைன், ஓர்முசு, கல்காத்து முதலிய இடங்களிற் கிடைப்பனவற்றையும் இயன்ற அளவு சேர்த்து அனுப்பலாம். குதிரை ஒன்றின் விலை 220 செம்பொன் தினாராகப் பண்டே வரையறுக்கப்பட்டிருந்தது. வழியில் ஊறுபட்டனவற்றுக்கும் இறந்தனவற்றுக்கும் அரசனே விலை தரல்வேண்டும். இவ்வுடன்படிக்கையின் கடைசிக் கூறு யாம் பின்னர் ஆராயவிருக்கும் பொருளுக்கு உயிராயது. படிப்போர் அதனை மனத்திற் கொள்க.

குதிரைகள் கரையிறங்கிய பின்னர் நிகழ்வனவற்றையும் வாசாபு எழுதியுள்ளார். பச்சை வாற்கோதுமைக்கு மாறாக வறுத்த வாற்கோதுமையும், நெய்யிற் சமைத்த தானியமும், காய்ச்சிய பசும்பாலும் அவற்றுக்கு ஊட்டுகின்றனர். கொழுத்தற்பொருட்டு 40 நாள் பந்தியில் முளையடித்துக் கயிற்றாற் பிணித்து வைக்கின்றனர். பின்னர், பயிற்சி ஒன்றும் அளியாமலும், அங்கவடி முதலிய கருவிகள் இன்றியும், வீரர் அவற்றின்மேல் ஏறிப் பேய்போல் விரட்டுகின்றனர். விரைவும் வலிவும் மிக்க பரிகள் சின்னாளில் தளர்ந்து பயனற்றுப் போகின்றன. அந்நாட்டுத் தட்பவெப்பமும் அவற்றை மெலிவிக்கின்றது. ஆகவே ஆண்டுதோறும் புதுக்குதிரை வேண்டப்படுகின்றது என்பது அவர் முடிபு.

இவ்விருவர் கூற்றுக்களையும் அப்படியே ஏற்றலும் தகாது. தமிழர் பெருமைக்கு இழுக்கு எனத் தள்ளுதலும் தகாது. முதற்கண் எண்களை நோக்குவோம். வளைகுடாத் துறைகளிலிருந்து மாபாருக்கும் காம்பாயத்து முதலிய பிற துறைகளுக்கும் ஆண்டுதோறும் 10,000 குதிரைகள் சென்றன என்றும், அவற்றின் விலை மொத்தம் 22,00,000 தினார் என்றும் வாசாபு கூறுவர். 10,000-த்தை 220-ஆற் பெருக்கினால் வருவது 22,00,000 அன்றோ? எனவே இத்தொகை சுங்கக் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டதன்று. முழு எண் ஒன்றை உடன்படிக்கை விலையாற் பெருக்கிப் பெற்றதாகும். போலோ தரும் 2000-த்தை ஐவருக்கும் ஏற்றினாலும் 10,000 வரும். ஆனால் வாசாபு பல துறைகளுக்குமாகச் சொன்ன தொகை இவர் கூற்றில் மாபார் ஒன்றற்கே உரியதாகிவிடுகின்றது. துறைமுகங்களில் வணிகர் வாயில் வழங்கிய பேரெண் ஒன்றே இருவர் ஏட்டிலும் இடம்பெற்றது எனக் கொள்ளுதல் பொருந்தும். வாணிகம் பெரிது என்பதில் ஐயம் இல்லை. எண்ணை மட்டும் எண்ணாகக் கொள்ளற்க.

ஆண்டு முடிவில் 100 கூட எஞ்சா என்பதும் அத்தகையதே. போலோ வந்து சென்று இருபது ஆண்டு நிரம்பு முன், கி. பி. 1311-இல், மாலிக்கு காபூர் தென்னாட்டிற் படையெடுத்து மீண்டான். அவன் கொண்டு சென்ற பொருளைக் கூறும் அமீர் குசுரு, யானை 512, குதிரை 5000 என்று குறிக்கின்றார். அக்குதிரைகளுள் அரபு நாட்டனவும் சிரியா நாட்டனவும் இருந்தன என்கின்றார். பரணி என்னும் வரலாற்றாசிரியர் தொகையை 20,000 ஆக்குவர். வெற்றி பெற்றோர் கணக்கு விரியும் இயல்பினது. சிறிய எண்ணையே கொண்டாலும், வந்தன எல்லாம் ஆண்டுதோறும் மடிந்தொழிந்த ஒரு நாட்டில் இத்துணைக் குதிரைகள் பகைவன் கைப்படுமாறு எங்ஙனம் உயிரோடிருந்தன என்னும் வினா எழாமற் போகாது.

போலோவின் கூற்றில் மற்றொரு பகுதி உண்டு. எடுத்தாள்வோர் பலர் அதனை விட்டுவிடுகின்றனர். குதிரை வணிகர் தம்மோடு குதிரை மருத்துவரை அழைத்து வருவதில்லை என்பதோடு அவர் நிற்கவில்லை. வேறு எவரேனும் அங்குச் செல்ல முற்படினும் அவ்வணிகர் தடுக்கின்றனர் என்றும், குதிரைகள் பிழைத்தால் தம் விற்பனை குன்றும் என்பதே அதற்குக் காரணம் என்றும் எழுதுகின்றார். அங்ஙனமாயின், இக்கதையை அவருக்குச் சொன்னவர் யாவர்? வளைகுடாவுக்கும் காயலுக்கும் இடையே கப்பல் ஓட்டியோரே ஆதல் வேண்டும். விற்றவன் வாயிலாக வந்த செய்தியில் வாங்கியவன் அறிவிலி ஆதல் இயல்பு. சந்தையில் மாடு விற்றோர் பேச்சைக் கேட்டோர்க்கு இது புதிதன்று.

போலோ கூறும் மருத்துவனைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லும் நோக்கத் தக்கது. அஃது இலாடம் கட்டுவோனையும் நோய் தீர்ப்போனையும் ஒருங்கே குறிப்பது. அக்கால ஐரோப்பாவில் இரண்டும் ஒருவன் தொழில். இலாடம் அடித்தல் ஈர நிலத்தும் கல் நிலத்தும் இன்றியமையாதது. மணலும் வறண்ட மண்ணும் உடைய நாடுகளில் வெறுங்குளம்போடு குதிரை ஓட்டும் வழக்கம் பலவிடத்தும் உண்டு. ஆகவே இலாடக் கொல்லன் இல்லாமையைக் கண்ட ஒருவர், மருத்துவனும் இல்லை என எண்ணிவிடுதல் கூடும்.

இனித் தமிழர்க்குக் குதிரையுணவு பற்றிய அறிவு இருந்ததா என்பதைத் தமிழ் நூல்களிலேயே தேடுவோம். கடல்வழிக் குதிரை வரவைப் பட்டினப்பாலை குறித்திருத்தலை அனைவரும் அறிவர். அதனினும் நமக்கு வேண்டியது புறநானூற்று 299-ஆம் பாட்டு. பொன்முடியார் பாடிய இது குதிரைமறம் என்னும் துறையது. பருத்தி வேலி சூழ்ந்த சிற்றூர் மன்னன் ஒருவனுடைய குதிரை உழுந்தின் சக்கையைத் தின்று வளர்ந்தது. நடையில் ஓய்ந்தது போலத் தோன்றுவது. மருதநிலத்து ஊர்களையுடைய பெருமன்னர் குதிரைகளோ நெய்ம்மிதி உண்டு, பிடரி மயிர் கொய்யப்பெற்று, மாலை சூடி நிற்பன. போர் வந்தபோது சக்கை தின்ற குதிரை படையைப் பிளந்து சென்றது; நெய் தின்ற குதிரைகள் ஒதுங்கி நின்றன.

இப்பாட்டின் நோக்கம் சிற்றூர் மன்னனின் மறம் கூறுதலே, பரிமருத்துவம் கற்பித்தலன்று. அதனை யாம் மறக்கவில்லை. ஆயினும் இருதிறக் குதிரைகளையும் வேறுபடுத்தப் புலவர் தேர்ந்தெடுத்த குறி நிறமன்று, உயரமன்று, பிறந்த நாடுமன்று, உண்ட உணவு. நெய்யூட்டிக் கொழுப்பித்த பரி போரிற் பின்னிடும் என்பது கேட்போர்க்கு உடன்பாடான செய்தியாய் இருந்தாலன்றி அப்பாட்டுச் சுவை பயவாது. வாசாபு நெய்ச்சோற்றையும் 40 நாட் கொழுப்பையும் கண்டு இகழ்வதற்கு ஓராயிரம் ஆண்டுக்கு முன்னரே தமிழ்ப்புலவர் ஒருவர் அதே குறையைச் சுட்டியுள்ளார். ஆதலின், பாண்டியர் பந்தியில் நிகழ்ந்தது அறியாமை என்பதினும், அறிந்தோர் சொல் அரண்மனையிற் செல்லாமை என்பதே சாலும். செல்வர் வீட்டு உணவே சிறந்த உணவு என்னும் மயக்கம் மக்கட்கு மட்டும் உரியதன்று போலும்.

வடமொழி நூல்களுள் பரிகாப்பைப் பற்றிய விரிவான பழஞ்சான்று கௌடலீயத்தின் குதிரைத் தலைவன் பகுதியாகும். இந்நூலின் ஏட்டுச்சுவடி தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவரிடமிருந்தே மைசூர் நூலகத்தை அடைந்தது. அதனைச் சாமசாத்திரியார் 1909-இல் அச்சேற்றினார். குதிரைத் தலைவன் ஒவ்வொரு குதிரையின் குலம், அகவை, நிறம், குறி, வந்த வழி ஆகியவற்றை எழுதி வைத்தல் வேண்டும். பந்தியின் அகலம் குதிரையின் நீளத்தைப் போல் இருமடங்கு இருத்தல் வேண்டும். தரை வழவழப்பான பலகையாலாகி, சாணமும் நீரும் கழிய வழியுடையதாதல் வேண்டும். குரங்கு, மயில், புள்ளிமான், கீரி, சகோரம், கிளி, நாகணவாய் ஆகியன பந்தியில் உடனிருத்தல் வேண்டும். இவற்றுட் சில நஞ்சையும் பாம்பையும் காட்டிக் கொடுக்கும் என்பது பண்டையோர் நம்பிக்கை. தலைதரமான குதிரைக்கு நெல்லரிசியோ வாற்கோதுமையோ தினையோ இரண்டு துரோணம். அதனை அரைவேக்காடாக இடலாம். பயறோ உழுந்தோ வேகவைத்தும் இடலாம். எண்ணெய் ஒரு பிரத்தம், உப்பு 5 பலம், இறைச்சி 50 பலம், கவளத்தை நனைக்க இறைச்சிச் சாறு ஓர் ஆடகம் அல்லது தயிர் இரண்டு ஆடகம் என அளவு கூறப்படுகின்றது.

போலோ கண்டு வியந்த இறைச்சியும் சோறும் இங்கே விதியாகவே உள்ளன. பேதைமை என அவர் கருதியது நூல்நெறி. அந்நெறி குதிரையின் குடலுக்கு ஏற்றதா என்பது வேறு வினா. ஆனால் நெறியே இல்லை என்றல் பொருந்தாது. வேகவைத்த தீனியை இகழ்தற்கும் இடமில்லை. 19-ஆம் நூற்றாண்டிற் சென்னை மாகாணத்து ஆங்கிலேயக் குதிரைப்படையே கொள்ளை வேகவைத்துத்தான் தன் குதிரைகளுக்கு இட்டது. கொள்ளென்றால் வாயைத் திறக்கும் குதிரையைப் பற்றிய நம் பழமொழி அவர்தம் இலாயத்திற்கும் பொருந்தியது.

கௌடலீயம் மருத்துவர் கடமையையும் வரையறுக்கின்றது. உடல் மெலிவும் மிகுகொழுப்பும் நீக்குதல், பருவந்தோறும் உணவை மாற்றுதல் ஆகியன அவர் பொறுப்பு. மருத்துவக் குறையால் நோய் மிகுந்தால் செலவின் இருமடங்கு தண்டம். குதிரை இறந்தால் அதன் விலையே தண்டம். மிகுகொழுப்பைக் குறைத்தல் மருத்துவன் தொழில் என்று எழுதிய நூல்மரபு உள்ள நாட்டில், 40 நாள் கட்டிவைத்துக் கொழுக்கவிட்ட அரண்மனை வழக்கம் அந்நூலுக்கே மாறாயிற்று. நூலறிவு பண்டிதர் ஏட்டில் இருத்தலும் வாதுவன் கையிற் பயிலுதலும் ஒன்றல்ல. இவ்விடத்துப் பாண்டியர் மேல் வரும் குறையை மறைத்தல் வரலாறு ஆகாது.

சாலிகோத்திரர் பெயரால் வழங்கும் பரிமருத்துவ நூல்களும், சயதத்தர் இயற்றிய அசுவவைத்தியகமும், நகுலன் பெயரில் வழங்கும் நூலும் பின்னர்த் தோன்றின. விராடன் பந்தியிற் குதிரை காத்த பாண்டவன் பெயரை அந்நூலுக்கு இட்டது மரபு. தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் நகுலன் பெயரிலான அசுவசாத்திரத்தை வண்ண ஓவியங்களோடு 1952-இல் வெளியிட்டது. சாலிகோத்திர மரபுக்கு அயலவர் அளித்த மதிப்பை ஒரு சொல் காட்டும். பாமினி அரசர் காலத்தில் இம்மரபு நூல் பாரசீகத்திற் பெயர்க்கப்பட்டது. ‘சலோத்திரி’ என்னும் சொல் இந்துத்தானியிற் குதிரை மருத்துவனைக் குறிப்பதாயிற்று. ஆங்கிலேயரின் இந்தியக் குதிரைப்படைகளிலும் அச்சொல்லே பணிப்பெயராக நிலைத்தது. எந்த நாட்டார் குதிரையறிவு அற்றவர் என வாசாபு எழுதினாரோ, அந்நாட்டார் மருத்துவத்தை அவர் மொழியினரே பெயர்த்துப் பயின்றனர்.

அவ்வாறாயின் குதிரைகள் மாண்டது ஏன்? இன்றைய கால்நடை மருத்துவம் கண்ட உண்மைகளை வாசாபு கூற்றோடு ஒப்பிட்டால் பெரும் விளக்கம் கிடைக்கின்றது. ஓய்வாய் நின்று முழுத்தீனி உண்ட குதிரையைத் திடீரெனக் கடுவேலையில் ஈடுபடுத்தினால் அதன் பின்தசைகள் இறுகும், வியர்த்து நடுங்கும், சிறுநீர் கறுக்கும், சில வீழ்ந்து இறக்கும். ஞாயிறன்று ஓய்ந்து திங்களன்று வண்டியிற் பூட்டப்பட்ட குதிரைகளுக்கு நேர்ந்தமையால் மேனாட்டார் இதனைத் திங்கட்கிழமை நோய் என்றனர். நாற்பது நாள் கட்டுண்டு பின் ‘பேய்போல்’ விரட்டப்பட்ட பரிக்கு இதனினும் பொருத்தமான நோய் வேறில்லை. மேலும், மாவுப்பொருள் மிக்க தானியத்தை அளவிறந்து உண்ட குதிரைக்குப் பின்குடலிற் புளிப்பு மிகுந்து குளம்பின் உள்ளே அழற்சி உண்டாகும்; அது முற்றினால் குளம்பினுள் உள்ள என்பே நிலைபெயரும்; அக்குதிரை பின்னர் ஊர்திக்கு உதவாது. வறுத்தலும் நெய் பெய்தலும் உணவைச் சுவையாக்கி உண்ணும் அளவைக் கூட்டுவன. நாட்டுப்புறக் குதிரைக்கு இக்கேடு இல்லை. அதற்குக் கிடைத்தது சக்கையும் புல்லுமே. பொன்முடியார் பாட்டு மீண்டும் நினைவுக்கு வருகின்றது.

தட்பவெப்பத்தின் பங்கை வாசாபு சுட்டியது அவர் நுண்ணறிவுக்குச் சான்று. குதிரை தன் உடற்சூட்டை வியர்வையாலேயே பெரிதும் தணிக்கின்றது. அரேபியாவின் வெப்பம் வறண்டது. வியர்வை உடனே உலர்ந்து உடலைக் குளிர்விக்கும். காயல் கரையின் வெப்பமோ கடற்காற்றின் ஈரம் தோய்ந்தது, வியர்வை உலராது. ஈரவெப்ப நாடுகளுக்குக் கொண்டுவரப்பட்ட குதிரைகளுட் சில, நாளடைவில் வியர்க்கும் ஆற்றலையே இழந்துவிடுகின்றன. மயிர் வறண்டு, மூச்சிரைத்து, சிறு ஓட்டத்திலும் சோர்ந்து நிற்கின்றன. இதனை ஆங்கிலேயக் குதிரை மருத்துவரும் இந்தியாவிற் கண்டனர். பேணுவோன் எத்துணை அறிவுடையவனாயினும் காற்றிலுள்ள ஈரத்தை அகற்ற வல்லனல்லன்.

போலோ கூறிய கால்கோணிய குட்டிகளுக்கும் காரணம் காணலாம். புல் குறைந்து தானியமும் தவிடும் மிகுந்த தீனியிற் பாசுபரசு மிகும், சுண்ணம் குறையும். உடல் அக்குறையை என்பிலிருந்து எடுத்து நிரப்பும்; வளரும் குட்டியின் என்பு உறுதி பெறாது. நெல் விளையும் கரையோர நாட்டில் அகன்ற மேய்ச்சற் புல்வெளி அரிது. அரிசியும் தவிடும் எளிது. இவற்றோடு குருதிவழிப் பரவும் சர்ரா என்னும் நோயையும் சேர்த்தெண்ணுதல் வேண்டும். கடித்துக் குருதி உறிஞ்சும் ஈக்களாற் பரவும் இந்நோயின் கிருமியை கிரிபித்து எவான்சு என்பார் 1880-இல் பஞ்சாபிற் குதிரை, ஒட்டகம் ஆகியவற்றின் குருதியிற் கண்டறிந்தார். அதற்கு முன் எந்நாட்டு மருத்துவனும் அதன் காரணத்தை அறிந்திலன்.

நோயினும் கொடியது ஒப்பந்தம் என்பது எம் கருத்து. வழியில் இறந்த குதிரைக்கும் அரசனே விலை தருவான் என்றால், கப்பலில் நீரும் புல்லும் குறைவின்றி ஏற்றுவதால் வணிகன் பெறும் ஊதியம் யாது? நீர்க்குடத்திற்குரிய இடத்தில் மற்றொரு குதிரையை நிறுத்துவதே அவனுக்கு ஆதாயம். நலிந்து கரையிறங்கும் பரிகள் சின்னாளில் இறத்தல் இயல்பு. அவ்விறப்பு வாங்கியவன் பந்தியின் கணக்கில் ஏறும். இவ்வொழுங்கு பாண்டியரோடு முடியவில்லை. விசயநகரத்தில் சாளுவ நரசிம்மன் (1485-1491) ஓர்முசுக் குதிரைகளை உயிரோடாயினும் இறந்தாயினும் ஆயிரம் பர்தாவுக்கு மூன்று என்னும் விலைக்கு ஏற்றான் என்றும், கடலில் இறந்தவற்றின் வாலைக் கொணர்ந்து காட்டினாலே போதும், உயிருள்ள குதிரைக்குரிய விலை கிடைக்கும் என்றும் போர்த்துக்கேசியர் நூனிசு, 1535-ஐ ஒட்டி எழுதுகின்றார். வாலுக்கு விலை தந்த அரசன் அறிவிலியல்லன். குதிரை வேறு துறைக்கோ பகையரசனுக்கோ செல்லாதிருக்க அவன் கொடுத்த கூலி அது. போரிற் பகைவனிடம் குதிரை சேராமையும் ஒரு வெற்றி.

அதே நூனிசு பராமரிப்பையும் கூறுகின்றார். விசயநகர அரண்மனையிற் குதிரை பேணுவோர் 1600 பேர். பயிற்றுவோர் 300 பேர். வீரர்க்கு அரசன் அளித்த குதிரைகளில் அரச முத்திரை பொறிக்கப்பட்டிருந்தது. குதிரை இறந்தால் முத்திரையுள்ள தோற்பகுதியைக் குதிரைத் தலைவனிடம் காட்டினால்தான் மாற்றுக் குதிரை கிடைக்கும். இவ்வாறு அளிக்கப்பட்டவை பெரும்பாலும் உள்நாட்டுக் குதிரைகளே; ஆயிரம் பர்தாவுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து வரை கிடைத்தன. ஆகவே தென்னாட்டிற் குதிரை பிறப்பதில்லை என்பதும் 16-ஆம் நூற்றாண்டளவிலேனும் உண்மையன்று. பிறந்தவை சிறியவை, மலிவானவை. வேந்தர் விரும்பிய பேருருவப் பரி அவற்றுள் இல்லை என்பதே உண்மை.

இழப்பை ஏற்பவன் யாவன் என்னும் இவ்வினா தமிழ் மக்கள் உள்ளத்திலும் ஆழப் பதிந்திருந்தது என்பதற்குத் திருவிளையாடல் மரபு சான்றாகும். வாதவூரர் குதிரை வாங்கச் சென்ற கதை, சமய நோக்கில் இறைவன் அருள் கூறுவது. அதனை வரலாற்று ஆவணமாகக் கொள்வது பிழை. ஆயின் அதன் உலகியற் கட்டுமானம் வாணிக வழக்கை ஒட்டியது. அரசன் கருவூலப் பொருளை முன்னரே கொடுத்து விடுகின்றான். வணிகர் தலைவனாய் வந்த இறைவன் முறைப்படி கயிறு மாறிக் குதிரைகளை ஒப்படைத்துச் செல்கின்றான். அன்றிரவே அவை நரிகளாகிப் பந்தியில் நின்ற பழங்குதிரைகளையும் கடித்து ஓடுகின்றன. தண்டம் யார்மேல் வந்தது? கயிறு மாறிச் சென்ற வணிகன்மேல் அன்று, வாங்கிய அமைச்சர்மேல். முதல்நாட் கண்ட பரி மறுநாள் இல்லை என்னும் அச்சம் கேட்போர்க்குப் பழகியதாதலின், கதை எளிதில் மனங்கொண்டது.

கல்வெட்டுக்களிற் குதிரை மருத்துவர் பெயர் அரிதாதலை எடுத்துக்காட்டுவோரும் உளர். தமிழ்க் கல்வெட்டுக்கள் மிகப்பல கோயிற் சுவரிற் பொறிக்கப்பட்டவை. கோயிலுக்கு வந்த பொருளையும் கோயிலாற் செய்யப்பட்ட அறத்தையுமே அவை பேணுகின்றன. வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடற் கல்வெட்டு 15 படுக்கை கொண்ட ஆதுலசாலையையும், மருத்துவனையும், அறுவை செய்வோனையும், மருந்துப் பெயர்களையும் வரிசையாகக் கூறுவது அஃது அறக்கட்டளை ஆதலினாலேயே. அரசன் பந்தி அறச்சாலை அன்று, அதன் கணக்கு ஓலையில் எழுதப்பட்டது, ஓலை அழிந்தது. குதிரை தொடர்பானோரும் கோயிலுக்குக் கொடை தந்தபோதுதான் கல்லில் இடம் பெறுகின்றனர். தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுக்களில் குதிரைச் சேவகர் வருவதும், சோழர் கல்வெட்டுக்களில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் வருவதும் அவ்வாறே.

இறுதியாக ஓர் ஒப்பீடு. ஆங்கிலக் கும்பினியார் தம் சென்னைப் படைக்குரிய குதிரைகளைப் பேண ஓசூரை அடுத்த மத்திகிரியில் 1824-இல் ஒரு பந்தி நிறுவினர். அவ்விடம் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 3000 அடி உயரமுடையது, காற்று வறண்டது, புல் உண்டு. கரையோர ஈரம் குதிரைக்கு ஆகாது என்பதை அவர்தம் தேர்வே காட்டுகின்றது. அவரிடம் பயின்ற குதிரை மருத்துவர் இருந்தனர். இலாடக் கொல்லர் இருந்தனர். அச்சிட்ட நூல்களும் இருந்தன. அவற்றோடும், முதலில் வளைகுடாவிலிருந்தும், பின்னர் ஆத்திரேலியாவின் நியூ சவுத்து வேல்சுப் பகுதியிலிருந்தும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் இந்தியாவிற்குக் குதிரைகளை வருவித்துக்கொண்டே இருந்தனர். ‘வேலர்’ எனப் பெயர் பெற்ற அக்குதிரைகள் இறங்கிய துறைகளுட் சென்னையும் ஒன்று. மத்திகிரிப் பந்தி 1924-இல் கால்நடைத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டு மாட்டுப் பண்ணையாயிற்று. நூறாண்டு நடந்த அவ்விறக்குமதியைக் கண்டு ஆங்கிலேயர் குதிரை பேணத் தெரியாதவர் என்று எழுதிய வரலாற்றாசிரியர் எவரையும் யாம் கண்டிலோம்.